வீடு கட்டப் போனவர்களும் வீட்டில் வளரும் பிள்ளைகளும்

எமது கல்குடாப் பிரதேசத்தில் ஒரு பிள்ளை பிழையான வழியில் போய்விட்டது என்று தெரியவந்தால், அடுத்த ஜும்ஆவுக்கிடையில் அதற்கான காரணமும் ஊரில் முடிவாகிவிடும். அநேகமாக அந்தக் காரணம் போன்தான். பிள்ளை இரவிரவாக ப்ரீ பயர் விளையாடியது, டிக்டொக்கில் கிடந்தது என்பார்கள். ஐஸ் போதைப்பொருளோடு சம்பந்தப்பட்ட விடயம் என்றால் கூடாத கூட்டாளிமார் என்பார்கள். கடைசியில் உம்மாவில் வந்து நிற்பார்கள், "தாய் கவனிக்கல்ல" என்று. வாப்பாவைப் பற்றி மட்டும் பெரிதாகப் பேச்சு வராது. அவர் கட்டாரில் இருப்பார், சவூதியில் இருப்பார், கொழும்பில் ஒரு கடையில் நிற்பார், அல்லது வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகில் இருப்பார். பிள்ளைகளுக்காகத்தானே அவர் உழைக்கிறார் என்று அவரது கதையை அத்தோடு விட்டுவிடுவோம்.

போனில் பிரச்சினை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பிரச்சினையைப் போனிலிருந்து ஆரம்பித்தால் பாதிதான் விளங்கும். எமது வீடுகளில் பிள்ளைகளை இதுவரை யார் வளர்த்தார்கள், இப்போது அந்த ஆட்கள் எங்கே என்ற கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கிழக்கு மாகாண முஸ்லிம்களின் குடும்ப அமைப்பு இலங்கையின் ஏனைய பகுதி முஸ்லிம்களிடமிருந்து ஒரு விடயத்தில் வேறுபட்டது. இங்கு திருமணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். பெண்ணுக்குக் காணியும் வீடும் பெற்றோர் கொடுப்பார்கள். உறுதி அவள் பெயரில் இருக்கும். கிழக்கின் தமிழ் மக்களிடமும் இதே வழமை உண்டு. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடி முறையைப் பற்றி 2008இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். எமக்கு அன்றாடமான ஒன்று, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவ்வளவு விசேடமாகத் தெரிந்திருக்கிறது.

இந்த வழமையின் பலன் பிள்ளை வளர்ப்பில்தான் அதிகம் தெரிந்தது. ஒரே வளவில் உம்மம்மாவின் வீடு, அடுத்ததாக மூத்த மகளின் வீடு, பின்பக்கத்தில் இளைய மகளின் வீடு என்று இருக்கும். பிள்ளைக்கு உம்மா ஒருத்தி என்றாலும் பெரியம்மா, சாச்சி, உம்மம்மா என்று பார்க்கும் கண்கள் ஆறேழு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எந்த வீட்டில் சோறு தின்றது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. மஃரிபுக்குப் பின் ஓதாமல் சுற்றினால் மாமா ஒருவர் காதைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார். உம்மா ஏசினால் ஓடிப்போய் ஒளிவதற்கு உம்மம்மாவின் சேலை இருந்தது. உம்மம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்தால் திருத்துவதற்கு வாப்பா இருந்தார். யாரும் திட்டம் போட்டுச் செய்யாத ஓர் ஏற்பாடு அது. குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகமும் வாசிக்காத எங்கள் உம்மம்மாக்கள் எட்டுப் பத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர்கள் தனியாக ஆளாக்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இந்த அமைப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கணவன் மனைவிக்குள் பிணக்கு வந்தால் வீட்டை விட்டு வெளியேறுவது ஆண்தான். பெண்ணும் பிள்ளைகளும் தெருவுக்கு வருவதில்லை. 2004 சுனாமிக்குப் பின்னர் கிழக்கில் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றின் உரித்து 'குடும்பத் தலைவர்' என்ற கணக்கில் ஆணின் பெயரில் எழுதப்பட்டபோது, பெண்கள் ஆட்சேபித்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே சீதன வீட்டைப் பற்றிப் பேசும்போது, அது முழுக்க முழுக்கக் கேடு என்று ஒரே வெட்டாக வெட்டிவிட முடியாது.

ஆனால் அந்த வீட்டின் விலை ஏறிவிட்டது. முன்பு வளவுக்குள் இடம் இருந்தது. களிமண்ணும் ஓலையும் கையுதவியும் இருந்தால் இரண்டு அறை எழும்பிவிடும். இன்று ஓட்டமாவடியிலும் மீராவோடையிலும் பிறைந்துறைச்சேனையிலும் வளவுகள் துண்டு துண்டாகி முடிந்துவிட்டன. இரண்டாவது மகளுக்கும் மூன்றாவது மகளுக்கும் நாவலடிப் பக்கமோ தியாவட்டவான் பக்கமோ காணி தேட வேண்டியிருக்கிறது. சீமெந்து, கம்பி, ஓடு, டைல்ஸ், மலசலகூடம், மதில் என்று கணக்கு நீள்கிறது. மாப்பிள்ளை வீட்டார் "நாங்க ஒண்டும் கேக்கல்ல" என்பார்கள். ஆனால் வீட்டைப் பார்க்க வரும்போது நிலம் பூசியிருக்கிறதா என்று அவர்களின் கண் கீழே போகும்.

இந்தச் செலவு வயலிலிருந்தோ கடலிலிருந்தோ வராது. வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். இங்கேதான் கணக்கு பிழைக்கிறது.

ஒரு வாப்பாவை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவர் போகிறார். இரண்டு வருட ஒப்பந்தம், முடிய இரண்டு மாத விடுமுறை, திரும்பவும் இரண்டு வருடம். இப்படிப் பத்து வருடங்கள் என்றால், ஐந்து ஒப்பந்தங்களுக்கிடையில் நான்கு விடுமுறைகள். மகளுக்குப் பதினாறு வயதாகும்போது, அந்தப் பத்து வருடத்தில் அவள் வாப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தது எட்டு மாதங்கள். அந்த எட்டு மாதத்திலும் முதல் இரண்டு கிழமை விருந்து, கடைசி இரண்டு கிழமை பயண ஆயத்தம். மகளின் வீடு எழும்பியிருக்கும், உண்மைதான். அந்த வீட்டுக்காக உழைத்தவரிடம் மகள் தன் மனதில் உள்ள ஒரு விடயத்தை வாய்திறந்து சொல்லும் அளவுக்குப் பழக்கம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

மகன் என்றால் நிலைமை வேறு விதம். பெண் பிள்ளைக்காக ஊரே யோசிக்கிறது. காணி, வீடு, நகை, பாதுகாப்பு எல்லாம் அவளுக்கு. ஆண் பிள்ளை "அவன் ஆம்பிளப் பிள்ளதானே" என்று விடப்படுகிறான். அவன் என்றாவது ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். ஒன்பது மணிக்கு மகள் வீட்டில் இல்லாவிட்டால் உம்மாவின் நெஞ்சு பதறும். அதே நேரம் பதினான்கு வயது மகன் சந்தியில் யாருடைய மோட்டார் சைக்கிளில் இருக்கிறான் என்று அநேக வீடுகளில் தெரியாது. போதைப்பொருள் விற்பவனுக்கு வேண்டியதும் அப்படித் தேடுவாரற்ற ஒரு பிள்ளைதான். அதே மகனுக்குப் பதினெட்டு வயதானதும் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, தங்கச்சிமாரின் வீட்டுக்காக அவனையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். தங்கச்சிமாரைக் கரைசேர்த்த பிறகு அவன் கலியாணம் முடிக்கும்போது, இன்னொரு வாப்பா கட்டிய வீட்டுக்குள் போகிறான். அவனுக்கு மகள் பிறந்தால் அவனும் பயணம் போக வேண்டும்.

உம்மாமார் போவது இன்னும் பாரமான கதை. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்று மாவட்டங்களிலிருந்தும் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குச் சென்ற பெண்கள் ஏராளம். இவர்களில் கணவனின் வருமானம் போதாதவர்களும், கைவிடப்பட்டவர்களும், யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் உண்டு. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நாம் மறக்க முடியாது. 2005இல் அவர் சவூதிக்குப் போகும்போது வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். போய்ச் சில கிழமைகளில் அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கைப் பற்றி நிறையப் பேசினோம். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய ஒரு பிள்ளையைக் குடும்பத்தின் சுமை தூக்க அனுப்பிய ஏற்பாட்டைப் பற்றிக் குறைவாகவே பேசினோம்.

அதே 2013இல்தான் அரசாங்கம் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாது. மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் பார்ப்பார் என்று காட்ட வேண்டும். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. டொலர் தேவைப்பட்டபோது பிள்ளையின் தேவை மூன்று வயது குறைந்துவிட்டது! அந்த ஒரே வருடத்தில் வெளிநாட்டு வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம்.

இந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம், அது பெண்களிடம் மட்டும்தான் கேட்கப்பட்டது. வாப்பா போகும்போது பிள்ளையை யார் பார்ப்பது என்று பிரதேச செயலகமும் கேட்கவில்லை, கிராம உத்தியோகத்தரும் கேட்கவில்லை, பள்ளிவாசலும் கேட்கவில்லை. உம்மா இருக்கிறாளே என்ற நினைப்பு. ஆனால் தனியே நிற்கும் உம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். பாடசாலை, டியூஷன், மத்ரஸா, ஆஸ்பத்திரி, வங்கி, கட்டுகிற வீட்டின் மேசனோடு வாக்குவாதம், மாமியாரின் மனத்தாங்கல் எல்லாம் அவள் தலையில். இரவு பத்து மணிக்குக் கணவனிடமிருந்து இமோவில் அழைப்பு வந்து, "புள்ளயள் ஏன் இன்னும் முழிச்சிரிக்கி?" என்ற கேள்வியும் அவளுக்குத்தான்.

அப்போது உம்மம்மா, சாச்சி, மாமா எல்லோரும் எங்கே என்று கேட்கலாம். சாச்சிக்கு நாவலடியில் வீடு. மாமாவும் குவைத்தில். உம்மம்மா இருக்கிறார், ஆனால் நீரிழிவோடும் முழங்கால் வலியோடும், மூன்று மகள்மாரின் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார். தாயைப் பிரிந்த பிள்ளை என்று இரக்கப்பட்டு எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். அவர் கொடுக்கும் அன்பில் ஒரு குறையும் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் போனில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பறிக்க மனம் வராது.

இப்படி ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோன வீட்டுக்குள்தான் போன் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் என்று சொல்லி பிள்ளையின் கையில் நாமே கொடுத்தோம். வேறு வழி இருக்கவில்லை. பாடசாலைகள் திறந்த பிறகு திரும்ப வாங்கியெடுக்கும் தைரியம் அநேக வீடுகளில் இருக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவுக்கு அது வேறு விதத்திலும் வசதி: வருடக்கணக்காகக் கூட இருக்க முடியாத குறையை ஒரு நல்ல போனை அனுப்பித் தீர்க்கலாம் என்று நினைக்கிறார். பிள்ளைக்கும் அது தெரியும். புதுப் போன் கேட்டு அழும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் போனுக்காகத்தான் அழுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அந்த இமோ அழைப்புகளையும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். "மகன், தொழுதீங்களா?" "ஓம்." "படிச்சீங்களா?" "ஓம்." "உம்மாட சொல்லக் கேக்குறதா?" "ஓம்." "சரி, போன உம்மாட்ட குடுங்க." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்தக் கேள்விகளில் பிழையில்லை. ஆனால் இவை எல்லாமே 'ஓம்' என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பொய் சொல்லவும் இலகுவானவை. இன்றைக்கு இடைவேளையில் யாரோடு விளையாடினாய், சேர் ஏன் ஏசினார், உன் கூட்டாளி ஏன் பள்ளிக்கூடம் வருவதில்லை என்று கேட்டால் 'ஓம்' போதாது. பிள்ளை பேச வேண்டியிருக்கும். முதல் ஒரு மாதம் பேசாது. பிறகு தானாகச் சொல்லும்.

அல்குர்ஆனில் பிள்ளைகளோடு பேசும் தந்தைமார் பலர் வருகிறார்கள். லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசத்தை எமது குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். அதில் தவ்ஹீத், தொழுகை, பொறுமை, நடை, குரல் வரைக்கும் இருக்கிறது. 'என்னருமை மகனே' என்று திரும்பத் திரும்ப வரும் அந்த அழைப்பின் இதமும் இருக்கிறது. ஆனால் பிள்ளை வளர்ப்புக்கு நான் அதிகம் எடுத்துக்காட்ட விரும்புவது சூரா யூசுபின் ஆரம்பத்தை. அங்கே முதலில் பேசுவது மகன். சிறுவர் யூசுப் (அலை) தான் கண்ட கனவைத் தந்தையிடம் வந்து சொல்கிறார். யஃகூப் (அலை) அவர்கள் அதைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளவில்லை. கவனமாகக் கேட்டு, இதைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். பிள்ளைக்கு வரப்போகும் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து என்று தந்தைக்கு விளங்கியது, பிள்ளை வந்து சொன்னதால்தான். அதுவும் அந்த ஆபத்து வெளியாளிடமிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். பெற்றோர் இல்லாத வீட்டில் பிள்ளைக்குத் தீங்கு செய்கிறவர் அநேகமாகப் பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர். ஊர் மானம், குடும்ப மானம் என்று அதை மூடிவிடுவது எமது வழமை. பிள்ளை சொல்ல வரும்போது "சும்மா கதைக்காத" என்று ஒருமுறை வாயை அடைத்துவிட்டால், இரண்டாம் முறை அது வராது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். அயலவரும் அழைக்கலாம், ஆசிரியரும் அழைக்கலாம். அது காட்டிக்கொடுப்பு அல்ல.

சரி, என்ன செய்வது? வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்வது இன்றைய விலைவாசியில் பொறுப்பற்ற பேச்சு. ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதில் ஒரு பகுதியைக் குறைக்க முடியும். அந்தப் பகுதி எமது கையில்தான் இருக்கிறது, அதுதான் வீடு.

மார்க்கத்தில் திருமணத்துக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆண். சூரா அந்நிஸாவின் நான்காவது வசனம் மஹரைப் பெண்களுக்கு மனமுவந்து கொடுத்துவிடச் சொல்கிறது. நாங்கள் ஆயிரமோ ஐயாயிரமோ மஹர் என்று சபையில் சொல்லிவிட்டு, பல இலட்சம் பெறுமதியான வீட்டுக்குள் குடிபோகிறோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில்கூட, கைக்கூலியாக மாப்பிள்ளைக்குக் கொடுத்த பணத்தை மனைவி காதியிடம் மீளக் கோரலாம் என்று இருக்கிறது. அந்தப் பணம் அவளுடைய பாவனைக்காகத் தரப்பட்டது, மாப்பிள்ளையின் சொத்தல்ல என்பதே சட்டத்தின் நிலைப்பாடு. அந்த வழி இருப்பது எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

எனது கருத்து இதுதான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கட்டும். அந்த வழமை நல்லது, பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. ஆனால் அதைப் பெண்ணின் வாப்பா மட்டும் கட்ட வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. பெண் வீட்டார் காணியைக் கொடுக்கட்டும். மாப்பிள்ளை வீட்டைக் கட்டட்டும், அதையே மஹராக எழுதட்டும். பெறுமதியுள்ள எந்தச் சொத்தும் மஹராகலாம் என்பது ஆலிம்களுக்குத் தெரிந்த விடயம்தான். இரண்டு அறையோடு ஆரம்பித்து, வாழ்ந்துகொண்டே மிச்சத்தைக் கட்டலாம். இதனால் ஒரு வாப்பா இரண்டு ஒப்பந்தம் முன்னதாக ஊருக்கு வந்தால், பிள்ளையின் வாழ்வில் நான்கு வருடம் கூடுகிறது. ஆண் பிள்ளைகளைப் பெற்ற உம்மாமார்தான் இதில் முதலில் வாய் திறக்க வேண்டும். மகனுக்குப் பெண் பார்க்கும்போது நிலம் பூசியிருக்கிறதா என்று பார்ப்பவர்களும், மகள்மாருக்காகக் கணவனைப் பிரிந்திருப்பவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்.

போகத்தான் வேண்டும் என்றால், போகும் முன் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம். பிள்ளைக்கு என்று ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். மாமாவோ, பெரியப்பாவோ, சாச்சியோ, யாராவது ஒருவர். 'எல்லாரும் இருக்காங்கதானே' என்றால் ஒருவரும் இல்லை என்று அர்த்தம். அந்த ஆளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வகுப்பாசிரியரிடமும் குர்ஆன் மத்ரஸா உஸ்தாதிடமும் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கும் முன்னாலேயே சொல்ல வேண்டும்: என்ன நடந்தாலும் இவரிடம் சொல்லலாம், அடிக்க மாட்டார் என்று. அந்த ஆளுக்கும் அதைச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைக்கும் இரவு வீடு திரும்ப ஒரு நேரம் வைக்க வேண்டும். போன் இரவு ஒன்பதரைக்குப் பிறகு உம்மம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். பூட்டு, பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் விட எங்கள் பிள்ளைகளை அதுதான் தடுக்கும், ஏனென்றால் உம்மம்மாவை எழுப்ப யாருக்கும் மனம் வராது.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் வறியவர்களின் பட்டியலை ஸகாத்துக்காக எழுதி வைத்திருக்கின்றன. வாப்பாவோ உம்மாவோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலையும் அப்படி எழுதலாம். கிழமைக்கு ஒருமுறை அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளோடு பந்து விளையாட இரண்டு இளைஞர்கள் முன்வந்தாலே போதும். எந்தப் பிள்ளை மூன்று கிழமையாக வரவில்லை என்பது ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும்.